பார்க்காத காட்சிக்கு ஒரு வாழ்த்துரை

எங்களுடைய ஆட்களுக்கு வாழ்த்துரை இல்லாமல் ஒரு காரியமும் ஒப்பேறாது. பிள்ளை பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தால் மலர் ஒன்று அச்சடிப்பார்கள். அந்த மலரில் பிள்ளையின் படங்களைவிட வாழ்த்துரை எழுதியவர்களின் படங்கள் கூடுதலாக இருக்கும். மிருதங்கத்துக்கு மலர், வீணைக்கு மலர், பழைய மாணவர் சங்கத்து இராப்போசனத்துக்கும் மலர். சிட்னியில் நாங்கள் இருக்கும் டூங்கபியிலும் சுற்றுவட்டாரத்திலும் வெளிவந்த அந்த மலர்கள் பலவற்றில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருப்பவன் நான்தான்.

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. மலரை நிகழ்ச்சி நாளன்று வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே அது முன்கூட்டியே அச்சாக வேண்டும். ஆகவே வாழ்த்துரை அதற்கும் முன்னால் எழுதப்பட வேண்டும். ‘செல்வியின் பாதம் பட்டபோது மேடை மெய்சிலிர்த்தது’ என்று நான் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் செல்வி தன் வீட்டில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருப்பாள். பார்த்த பிறகு வாழ்த்துவது என்ற வழக்கமே எங்களிடம் கிடையாது. பார்த்த பிறகு வாழ்த்துவது சில வேளைகளில் சிரமமும்கூட.

இந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் நான் லெபனானில் உள்ள ஒரு நாடகக் குழுவின் தலைவிதிக்குள் போய் விழுந்தேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிந்து பன்னிரண்டு பிறந்திருந்த கோடை அது. பிளாக்டவுனுக்கு அங்கால் ஒரு பார்சல் கிடங்கில் எனக்கு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும். நீளமான பெல்ற் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் பெட்டிகள் ஆற்றில் மிதந்து வருவதுபோல வரும். குவீன்ஸ்லாந்துக்கு ஒரு கூண்டு, தஸ்மேனியாவுக்கு ஒரு கூண்டு என்று எடுத்துப் போட வேண்டும். இரண்டு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றால் பெல்ற் நின்றுவிட்டது போலவும், நாங்கள்தான் கிடங்கோடு சேர்ந்து எங்கோ மெல்ல மிதந்து போவது போலவும் இருக்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். வேலை செய்துகொண்டே ஊர்சுற்றுவது போன்றது.

பெல்ற்றின் மறுபக்கத்தில் லெபனான் அக்கா நிற்பார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அது ஏதோ பட்டமாக்கும் என்று நினைத்துப் பெருமைப்பட்டார். அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து, தங்கச்சிக்கு எங்கள் பாஷையில் என்ன சொல் என்று கேட்டுச் சண்டை பிடிப்பார். என்னை அவர் ‘உஸ்தாத்’ என்பார். அரபியில் ஆசிரியர், பெரியவர் என்ற மரியாதைச் சொல். அவர் சொல்லும்போது அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று என்னால் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை.

நாங்கள் கதைப்பது முக்கால்வாசி இங்கிலீஷிலும் கால்வாசி அரபியிலும் நடக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் நான்கு வருடம் குவைத்தில் கார் உதிரிப்பாகக் கடையொன்றின் களஞ்சியத்தில் இருந்தவன் நான். என் அரபி முழுவதும் ‘பெட்டியை இறக்கு’, ‘நாளைக்கு வா’, ‘இது சரிவராது’ என்ற வகையைச் சேர்ந்தது. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அக்கா சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் என் காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அக்காவின் கடைசித் தம்பி, லெபனானின் வடக்கே ஒரு கடலோர நகரத்தில், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போடுகிறவர். அவர்களுக்கு மண்டபம் இல்லை. வீட்டுக்காரர் சம்மதித்தால் ஏதாவதொரு மொட்டைமாடியில் போடுவார்கள். அந்தத் தெருவே கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். அரபு நாடுகளில் அரசாங்கத்தையும் கட்சியையும் சாராமல் இயங்கும் கலைஞர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் உதவித்தொகை கொடுக்கும் நிதியம் ஒன்று இருந்தது. தம்பி அதற்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் குழு பிழைக்கும். கிடைக்காவிட்டால் தோஹாவில் மச்சான் வைத்திருக்கும், தரைக்கும் சுவருக்கும் பதிக்கிற ரைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போவதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“ரைல்ஸ் விக்கப் போறானாம்,” என்றார் அக்கா. “நேர் எது கோணல் எது எண்டு தெரியாத பிள்ளை, உஸ்தாத். அந்தக் கடை தாழும்.”

சிரித்துக்கொண்டு சொன்னாலும் கையிலிருந்த பெட்டியை எந்தக் கூண்டில் போடுவதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். தாயாரோடு சேர்ந்து அந்தத் தம்பியை வளர்த்தவர் அவர்தான்.

நிதியம் ஒரு கடிதம் கேட்டிருந்தது. நாடகம் தெரிந்த ஒருவர், அரபு உலகத்துக்கு வெளியில் இருப்பவர், குழுவுக்கு உறவோ நட்போ இல்லாதவர், படைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில் தன் கருத்தை நேரடியாக நிதியத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனை இலட்சணமும் பொருந்திய ஆளை அக்கா எங்கே தேடுவார்? தேநீர் இடைவேளைகளில் நான் அவிழ்த்துவிட்ட கதைகள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. தமிழர் மண்டபத்தில் வருடமொருமுறை பத்து நிமிட நகைச்சுவை நாடகம் போடுவேன். அக்காவின் கதைகளில் லெபனான், தோஹா என்று உலகம் விரிந்து கிடந்ததில் நானும் கொஞ்சம் விரிந்துவிட்டேன். என்னை நாடக இயக்குநர் என்று சொல்லியிருந்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, “எப்ப வேணும்?” என்பதுதான். நாடகம் எதைப் பற்றியது என்று கேட்கத் தோன்றவில்லை. அதெல்லாம் வாழ்த்துரைக்குத் தேவைப்படாத விபரம்.

அக்கா ஒரு டிவிடியை என் கையில் வைத்து, “பாத்துப்போட்டு எழுதும்,” என்றார். இருபது வருட வாழ்த்துரை வாழ்க்கையில் ஒருவர் எனக்கு அப்படி நிபந்தனை போட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க உட்கார்ந்தேன். அதற்கு முந்திய வாரம் முழுவதும் மெல்பேர்ன் பொயிண்ட் குக்கிலிருந்து என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்து நின்று, அன்று காலையில்தான் கார் ஏறியிருந்தான். வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகள் அத்தனையையும் மனைவி மெசினில் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சிய ஆட்டிறைச்சிக் கறியையும் புட்டையும் ‘வீணாகப் போகக்கூடாது’ என்ற உயர்ந்த நோக்கத்தோடு நான் முடித்து வைத்தேன். பிறகு சாரத்தைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு செற்றியில் சாய்ந்து டிவிடியைப் போட்டேன். ரி.வி.க்குப் பக்கத்தில் பின்வளவுக்குப் போகும் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே வெயில் ஒரு சத்தமும் போடாமல் எரிந்துகொண்டிருந்தது.

நாடகம் தொடங்கியது. ஒரு மொட்டைமாடி. பின்னால் வேறு மாடிகள், தண்ணீர்த் தாங்கிகள், தூரத்தில் ஒரு கோடாகக் கடல். ஒரு மெலிந்த மனிதர் முதுகில் கதவொன்றைச் சுமந்துகொண்டு வந்தார். சுவர் கிடையாது, கதவு மட்டும். அதை நிறுத்தி வைத்துத் தட்டினார். உள்ளே என்று சொல்லக்கூடிய பக்கத்திலிருந்து ஒரு பெண் யாரென்று கேட்டாள். இன்னொருவர், அவர்தான் அக்காவின் தம்பி, மேசை போட்டு உட்கார்ந்து கடதாசிகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். என் களஞ்சிய அரபிக்கு ‘யார்’, ‘நாளைக்கு’, ‘இது சரிவராது’ மட்டும் பிடிபட்டன. அலுவலக நாடகம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன். சத்தியமாக ஒரே ஒருமுறைதான் என்று அன்று நம்பினேன்.

திறந்தபோது மாடி முழுவதும் வெள்ளை விரிப்புகள். கொடியில் தொங்கியபடி அவை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, யாரும் சுற்றாமலே. ஒன்று போக ஒன்று வர, ஒவ்வொன்றும் காற்றை வயிற்றில் வாங்கி விட்டுக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு பெண். பாதங்களும் விரல் நுனிகளும்தான் தெரிந்தன. அவள் ஒரு விரிப்பைக் கழற்றுவாள். அது இருந்த இடத்தில் ஒரு துண்டு வானம் தெரியும். இன்னொன்றைக் கழற்றுவாள், வானம் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். எங்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கிருந்தோ யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. கடைசி விரிப்பை மட்டும் கழற்றாமல் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெயில் மணத்தை முகர்ந்தபடி அப்படியே நின்றாள். பின்னணியில் கடல் பெரிதாக இழுத்து இழுத்து இரைந்தது.

பிறகு பார்த்தால் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றே எழுதினேன். என் கை அப்படி ஓடியதில்லை. கதவைப் பற்றி இரண்டு வரி. மீதி முழுவதும் விரிப்புக் காட்சி. ‘இத்தனை வருட நாடக அனுபவத்தில், இவ்வளவு தனியாகவும் இவ்வளவு நிறைவாகவும் ஒரு பெண்ணை நான் மேடையில் கண்டதில்லை’ என்று முடித்தேன். இங்கிலீஷில் எழுதியதால் மெய்சிலிர்ப்பைத் தவிர்க்க வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு அடுத்த நாள் அக்காவிடம், உங்கள் தம்பி பெரிய கலைஞன், கவலையை விடுங்கள் என்றேன். அவர் அன்று முழுவதும் பெல்ற்றின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கா ஒரு பெட்டி பக்லாவா இனிப்போடு வந்தார். தம்பியின் குழு கடைசிச் சுற்றுக்குத் தெரிவாகியிருந்தது. நிதியத்தில் தெரிவுக்குழுவைக் கவனிக்கும் அம்மா புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு எனக்குப் போன் எடுப்பாராம். என் கடிதத்தில் ஒரு காட்சியைப் பற்றி எழுதியிருந்தேனாம். தெரிவுக்குழுவில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். நான் பக்லாவாவில் மூன்று துண்டு சாப்பிட்டேன். தகுதியானவன்தானே.

போனில் இன்னும் ஆழமாகப் பேச வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிவிடியை மறுபடியும் போட்டேன். கையில் கொப்பி, பேனா. மெலிந்த மனிதர் கதவோடு வந்தார். தட்டினார். தம்பி முத்திரை குத்தினார். நான் விரிப்புக்குக் காத்திருந்தேன். கதவு மாடியின் இந்த மூலைக்குப் போனது, அந்த மூலைக்குப் போனது. நாற்பது நிமிடத்தில் நாடகம் முடிந்துவிட்டது. பெயர்கள் ஓடின.

டிவிடியில் தூசி என்று நினைத்தேன். சாரத்துத் தலைப்பால் துடைத்து மறுபடியும் போட்டேன். கதவு, முத்திரை, பெயர்கள். மகளுடைய மடிக்கணினியில் போட்டேன். அதிலும் அதே கதவு. ஒருவேளை விரிப்பு டிவிடியின் மறுபக்கத்தில் இருக்குமோ என்று திருப்பிப் போட்டேன், மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “டாட், ஆர் யூ ஓகே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மனைவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த நாடகத்தை நான் பார்த்தபோது நீயும் இருந்தாய்தானே, பெட்சீற் காயப்போட்ட இடம் வந்ததைக் கண்டாய்தானே என்று கேட்டேன்.

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கள் பாத்தனீங்களோ? தொடங்கிப் பத்து நிமிசத்தில வாயைத் திறந்துகொண்டு நித்திரை. நான்தான் வெளியில போய் பெட்சீற் எடுத்தனான்.”

“பிறகு?”

“பிறகென்ன. நித்திரையில ஏதோ விளங்காமல் பினாத்தி என்னைக் கூப்பிட்டியள். வாயில நாலு கிளிப்பை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு பதில் சொல்லுறது?”

ஒரு கடல் சத்தம் கேட்டதே என்றேன், கடைசி நம்பிக்கையாக.

“அது உங்கட குறட்டை,” என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தேன். பின்வளவின் நடுவே, ஒற்றைக்காலில், குடையை விரித்தது போன்ற எங்கள் உடுப்புக் கொடி, இரண்டு துவாய்களோடு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் சுற்றாமலே.

அன்று பின்னேரம் என் மூளை மிகவும் சுறுசுறுப்பாக வேலை செய்தது. முதலில் குரல் போய்விட்டதென்று சொல்லலாம் என்று யோசித்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இருமிப் பார்த்தேன். மனைவி சுடுதண்ணி கொண்டுவந்து வைத்தாள், அதோடு அந்த யோசனையின் உயிர் போய்விட்டது. இரவோடிரவாகப் பொயிண்ட் குக்குக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். போன் கூடவே வரும். நான் இறந்துவிட்டதாக மகளைச் சொல்லச் சொன்னால்? அவள் இங்கிலீஷில் ஏன் என்று கேட்பாள். சபைகளில் ஒலிவாங்கியைப் பிடித்து ஐந்நூறு பேரைச் சிரிக்க வைப்பவன், ரி.வி.க்குப் பக்கத்தில் இருந்த கைத்தொலைபேசிக்கு மேல் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். போன் வர இன்னும் ஒரு முழு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை குவீன்ஸ்லாந்துக்குப் போக வேண்டிய பெட்டிகளை நான் வரிசையாகத் தஸ்மேனியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பெட்டியில் அக்கா கையைப் பிடித்துவிட்டார். தேநீர் இடைவேளையில் கிடங்கின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புட்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று இடையிடையே இடம் விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லொறிகள் திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி இருக்கிறது அக்கா என்றேன். அந்தக் காட்சி நாடகத்தின் புதிய வடிவத்தில் இருக்கிறதென்று சொல்லிவிடுகிறேன், தம்பி நாலு விரிப்பை வாங்கித் தொங்கவிட்டால் போயிற்று, உண்மையாகவே நல்ல காட்சி அது, நானே கண்ணால் கண்டேன்.

“உஸ்தாத்,” என்றார் அவர். “அவனிட்ட இருக்கிறது ஒரு கதவும் மூண்டு பேரும். அதுக்கு மேல உம்மட பொய்யையும் ஏத்தாதேயும். அவங்களால காவ ஏலாது.”

எழுந்து போய்விட்டார். மீதி நாள் முழுவதும் பெல்ற் ஓடிய சத்தம் மட்டும்தான்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அந்த அம்மாவுடைய இங்கிலீஷ் நிதானமாக, அரபி வாசனையோடு இருந்தது. அங்கே காலை ஒன்பது மணி, யாரோ பக்கத்தில் கரண்டியால் எதையோ கலக்கும் சத்தம் கேட்டது. என் கடிதத்துக்கு நன்றி சொன்னார். விரிப்புக் காட்சியைத் தாங்கள் டிவிடியில் தேடியதாகவும் கிடைக்கவில்லை என்றும், அது எந்த இடத்தில் வருகிறதென்று சொல்ல முடியுமா என்றும் மரியாதையாகக் கேட்டார்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செற்றியில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்தேன், பிறகு எதற்கென்று தெரியாமல் சாரத்தை இறுக்கிக் கட்டினேன்.

அது என் வீட்டுப் பின்வளவில் வருகிறது என்றேன். நான் நித்திரையாகிவிட்டேன் அம்மா, அது என் மனைவி.

கரண்டிச் சத்தம் நின்றது. நான் போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர், அப்படியானால் நாடகத்தில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை பார்த்ததெல்லாம் அப்போதுதான் எனக்குள் வந்து சேர்ந்தது. கதவைச் சுமக்கும் மனிதர் ஒரு தடவைகூட அதைப் பொத்தென்று வைக்கவில்லை என்றேன். தொட்டில் பிள்ளையை வைப்பதுபோல வைத்தார். சுவரே இல்லாத இடத்தில், சுற்றிப் போனால் போய்விடலாம் என்று தெரிந்தும், அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கையை எடுத்த பிறகும் கதவு விழாமல் நின்றதைக் கவனித்தேன். மறுபக்கத்திலிருந்து அந்தப் பெண் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள், நாடகம் தொடங்கியதிலிருந்தே. முதலில் நான் அதைக் காணவில்லை. ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனாலும் அந்தக் கடிதத்தை இனிக் கோப்பில் வைத்திருக்க முடியாது என்றார். தெரிவுக்குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்குள் வேறு கடிதம் எடுக்க அவகாசம் இல்லை. விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும், மூன்று மாதம். போனை வைக்கும் முன்பு மட்டும், உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்.

மனைவி அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னாள். வாசித்தாள். கடைசி வரியில் நிறைய நேரம் நின்றாள்.

“முழிச்சிருக்கேக்க என்னை ஒருக்காலும் உப்பிடிப் பாத்ததில்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.



அக்கா எட்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒன்பதாவது நாள், மெல்பேர்னில் உண்மையாகவே நாடகம் படிப்பிக்கும் ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்துவிட்டதாகவும், அவர் விழித்திருந்து பார்த்து எழுதிவிட்டதாகவும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அது மன்னிப்பின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்று மாதம் என்பது சும்மா போகாது. தோஹா மச்சானுக்கு உடனே ஆள் தேவைப்பட்டது. தம்பி முடிவு தெரியும்வரை போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். கதவைச் சுமந்த மெலிந்த மனிதருக்கு அந்த நேரம் பார்த்து மூன்றாவது பிள்ளை பிறந்தது. தம்பிக்குப் பதிலாக அவர் தோஹாவுக்குப் போய்விட்டார். குளிர்காலத்தில் உதவித்தொகை கிடைத்த செய்தி வந்தபோது அக்கா அதையும் சேர்த்துத்தான் சொன்னார். பக்லாவாவில் ஒரு துண்டை இரண்டாக உடைத்துப் பாதியை எனக்குத் தந்தார்.

“தம்பி உம்மில கோவமில்லை. ஆனா கதவு அந்தரத்தில நிக்குது எண்டு சொல்லச் சொன்னவன்.”

அந்த மனிதரை நான் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. தோஹாவில் யாரோ ஒருவருடைய குளியலறைக்குரிய ரைல்ஸ்களை அவர் தொட்டில் பிள்ளையை வைப்பதுபோல மேசையில் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பார் என்று பெல்ற்றுக்கு முன்னால் நிற்கும்போது சில நாள் நினைப்பேன். அப்போது கையிலிருக்கும் பெட்டியைக் கவனமாகப் பார்த்துச் சரியான கூண்டில் போடுவேன். அதற்குப் பிறகு வாழ்த்துரை கேட்டு வந்தவர்களிடம், ஒத்திகைக்கு ஒருநாள் வரலாமா என்று கேட்கத் தொடங்கினேன். கேட்டு வருபவர்கள் குறைந்துபோனார்கள்.

அடுத்த கோடையில் புது நாடகத்தின் டிவிடி வந்தது. எனக்கென்றே தம்பி அனுப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு கோப்பை கோப்பி குடித்து, செற்றியை விட்டுவிட்டு முதுகு நேராக நிற்கும் மரக் கதிரையில் உட்கார்ந்தேன். மனைவியைப் பக்கத்தில் இருத்தினேன். அவள் செற்றியில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள்.

அதே மொட்டைமாடி. கதவு நடுவில் தனியே நின்றது. இந்த முறை அதைச் சுமக்க யாருமில்லை. அந்தப் பெண்ணும் தம்பியும் அதைச் சுற்றி வந்து பேசினார்கள். நான் விரிப்புக்காகக் காத்திருந்தேன். மாடியின் ஓரத்தில் ஒரு கதிரை. அதில் ஒரு பருத்த மனிதர், வாயைத் திறந்துகொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நித்திரை கொண்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. பேசும்போது அவருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்கள். அக்கா முன்பே சொல்லியிருந்தார்: ஆள் குறைந்துபோனதால் பக்கத்துத் தெருவில் உடுப்பு அழுத்தும் கடைக்காரரைப் பிடித்திருக்கிறார்களாம். அவர் நடிக்கவில்லையாம். பகல் முழுவதும் நின்று வேலை செய்த களைப்பில் ஒவ்வொரு நாளும் உண்மையாகவே தூங்கிவிடுவாராம்.

நான் சிரித்தேன். பிறகு, தாழ்ந்த குரலில் அவர்கள் பேசுவதைக் கேட்கக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். ‘நாளைக்கு’ என்ற சொல் வந்தது. ‘யார்’ வந்தது. கடைசியில் அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து, அந்த மனிதரின் கழுத்துவரை போர்த்தினாள். ஒரே ஒரு விரிப்பு. பின்னால் இரைந்துகொண்டிருந்தது கடலா, அவருடைய குறட்டையா என்று எனக்குப் புரியவில்லை.

மனைவியிடம் கேட்கத் திரும்பினேன். அவள் நித்திரையாகியிருந்தாள்.

பெயர்கள் ஓடி முடியும்வரை பார்த்தேன். வெளியே மேற்குப் பக்கத்தால் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அன்று காலையில் அவள் தோய்த்த விரிப்புகள் கொடியில் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தம் போடாமல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்ற ஒரு துண்டு வானம் தெரிந்தது. விரிப்புகளை ஒரு தோளில் போட்டுக்கொண்டு கிளிப்புகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் கவ்வினேன்.

நாலாவது கிளிப்பைக் கவ்வியபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, அரை நித்திரையில்.

“என்னப்பா, எங்க போயிட்டியள்?”

நான் பதில் சொல்லவில்லை.